சொரிசோவும் இரண்டு கை உப்பும்

பேருந்துப் பணிமனை கேன்டீனின் மாஸ்டருக்கு வாசனை தெரியாமல் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. ருசியும்தான். ஒரு காய்ச்சல் வந்தது, ஒரு வாரம் படுத்தி எடுத்தது, போகும்போது மூக்கையும் நாக்கையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. உப்புக்கல்லை வாயில் போட்டால் கூழாங்கல்லைப் போட்டது மாதிரி இருந்தது. "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று மாஸ்டருக்கு எரிச்சல்தான் வந்தது.

விஷயம் யாருக்கும் தெரியாது. அப்படித்தான் மாஸ்டர் நினைத்துக்கொண்டிருந்தார். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. நாக்கு செத்த ஆளை அடுப்பில் வைத்துக்கொள்ள எந்த மேனேஜர் ஒப்புக்கொள்வார்? வருடக்கணக்காகக் கரண்டி பிடித்த கையில் கத்தியைக் கொடுத்து, காய் நறுக்க ஓர் ஓரமாக உட்கார வைப்பார்கள். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் யாருக்குக் கீழே? அந்த மச்சானுக்குக் கீழே.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. நாற்பது தாண்டியவன், ஆள் தென்னை உயரம், பேச்சு மட்டும் படு சிக்கனம். ஒரு வார்த்தை கேட்டால் அதை உள்ளே கொண்டுபோய் எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான். மாஸ்டருக்கு அடுத்த கை அவன்தான். கொஞ்ச நாளாக அவன் நடவடிக்கை சரியில்லை. மாஸ்டர் ஸ்டோர் ரூமுக்குப் போனால், திரும்பி வரும்போது மச்சான் அண்டா பக்கம் நிற்பான். மாஸ்டரைப் பார்த்ததும் துணியை எடுத்து மேடையைத் துடைப்பான். ஏற்கெனவே துடைத்த மேடை. போதாக்குறைக்குப் போன வாரம் மேனேஜர் அவனை வாசலுக்குத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று மச்சான் சொல்லவில்லை. மாஸ்டர் கேட்கவும் இல்லை.

கேட்பதும் சொல்வதும் அந்தச் சமையலறையில் வழக்கமே இல்லை. எதில் எவ்வளவு போட்டோம் என்று வாய்விட்டுச் சொல்கிறவன் பாதிச் சமையல்காரன் என்பது மாஸ்டரின் கட்சி. அவர் பாட்டுக்குச் செய்வார், பார்த்துக் கற்றுக்கொள்கிறவர்கள் கற்றுக்கொள்ளட்டும். காய்ச்சலுக்குப் பிறகு இந்தக் கட்சி அவருக்கு இன்னும் வசதியாகிவிட்டது. கண்ணாலும் காதாலும் கைக்கணக்காலும் சமைத்துத் தள்ளினார். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. டிரைவர்களும் மெக்கானிக்குகளும் வழக்கம்போலத் தட்டை வழித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். கூடத்தின் கடைசியில் உட்கார்ந்து பேசினாலும் வாசல்வரை கேட்கும் 'ஹாரன்' என்கிற டிரைவர்கூட ஒரு குறை சொல்லவில்லை. நாக்கு எதற்கு, இந்தக் கை போதும் என்று மாஸ்டருக்கு உள்ளூர ஒரு கர்வமே வந்திருந்தது.

அன்று காலை குளிர்பெட்டி வண்டிக்காரர் இரண்டு அட்டைப் பெட்டிகளை இறக்கினார். வழக்கமாக வரும் கோழி சாசேஜ் இல்லை.

"அது வரல மாஸ்டர். இதைத்தான் குடுத்து விட்டாங்க. சொரிசோன்னு பேரு. பன்னிக்கறி. உப்புல ஊற வெச்சு, காய வெச்சது. பாத்துப் போடுங்க" என்றார்.

மச்சான் அப்போது வண்டியின் பின்பக்கம் உருளைக்கிழங்கு மூட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவன் காதில் இது விழவில்லை. மாஸ்டரும் சொல்லவில்லை. சொல்கிற வழக்கம்தான் இல்லையே.

பெட்டியைத் திறந்தால் கருஞ்சிவப்பில் கெட்டியான குழல்கள். தோலின்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. பழக்கதோஷத்தில் ஒன்றை மூக்கருகே கொண்டுபோனார். எதுவும் வரவில்லை. கத்தியால் குறுக்கே வெட்டினார். உள்ளே சிவப்புக் கறி, நடுநடுவே வெண்கொழுப்பு. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் பூண்டு, உப்பு, புகையில் காயவைத்த சிவப்பு மிளகாய்ப் பொடி என்று போட்டிருந்தது. மாஸ்டர் பிறந்து இதுவரை இதைத் தொட்டதில்லை. தின்றதும் இல்லை. இனித் தின்றாலும் தெரியப்போவதில்லை.

முதலில் சாசேஜைப் போலவே நினைத்து வாணலியில் எண்ணெயை நன்றாகக் காயவைத்து நாலு துண்டு போட்டார். சடசடவென்றது. நன்றாகத்தானே பொரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது மச்சான் பின்னால் நின்று இரண்டு தரம் இருமினான். மாஸ்டர் குனிந்து பார்த்தார். துண்டுகளின் ஓரம் கருத்து, எண்ணெய் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. மிளகாய்ப் பொடி கருகிவிட்டது. அறை முழுக்க நெடி பரவியிருக்க வேண்டும். அவருக்குத்தான் அது சுத்தமான காற்று.

"சும்மா சூடு பாத்தேன்" என்றார் மாஸ்டர், யாரும் கேட்காமலே.

மச்சான் போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தான்.

இரண்டாம் முறை மாஸ்டர் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தார். தோலை உரித்தார். காசு காசாக வெட்டி, அகலமான சட்டியில் பரப்பினார். ஒரு சொட்டு எண்ணெய் விடவில்லை. அடுப்பையும் சட்டி குளிர்ந்திருக்கும்போதே பற்றவைத்தார். அதுவும் சின்னத் தீ. சூடேறாத சட்டியில் எதையாவது போடுகிறவனை அவர் நாள் முழுக்கத் திட்டியிருப்பார். இன்று அவரே அந்தத் தப்பைச் செய்துவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு துண்டின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு துளி கசிந்தது. பக்கத்துத் துண்டில் இன்னொன்று. வெண்கொழுப்பு கண்ணாடி மாதிரி தெளிந்து இளகியது. மஞ்சள் செம்மஞ்சளானது. செம்மஞ்சள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நல்ல சிவப்பாகிச் சட்டி முழுவதும் பரவியது. எண்ணெயே விடாத சட்டியில் துண்டுகள் தம்முடைய எண்ணெயிலேயே மிதந்தன. காதைத் தாழ்த்திக் கேட்டார். சடசடப்பு இல்லை. மெல்லிய முணுமுணுப்பு மட்டும்.

மாஸ்டர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். இத்தனை வருடமாக அவர் சட்டியில் ஊற்றியவர், போட்டவர், தூவியவர். எந்தப் பொருளும் தன்னிடம் இருப்பதைத் தானாக இப்படி எடுத்துக் கொடுத்து அவர் பார்த்ததில்லை. அதிலும் இது மூக்கில்லாதவனிடம் தன் பக்குவத்தை நிறத்தாலேயே சொல்லியது. மஞ்சள் என்றால் பொறு, சிவப்பு என்றால் எடு, பழுப்பு என்றால் போச்சு. இவருக்கென்றே எங்கிருந்தோ வந்து இறங்கிய சாமான் மாதிரி இருந்தது.

"என்னாங்கடா இது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கை தானாக ஓடியது. துண்டுகளை அரித்து ஒரு தட்டில் ஒதுக்கினார். சிவப்பு எண்ணெயைப் பெரிய அண்டாவில் வழித்துவிட்டு வெங்காயத்தைக் கொட்டினார். வெங்காயம் வெள்ளையாகப் போய்ச் சிவப்பாக மாறியது. பூண்டு, தக்காளி, பிறகு உருளைக்கிழங்கு, வேகவைத்த கொண்டைக்கடலை, தண்ணீர். எது உள்ளே போனாலும் அந்தச் சிவப்பு அதைத் தன் பிள்ளையாகச் சுவீகாரம் எடுத்துக்கொண்டது. பன்றி சாப்பிடாதவர்களுக்குத் தனி அடுப்பில் முட்டைக் குழம்பை மச்சான் பார்த்துக்கொண்டிருந்தான்.

உப்பு டப்பாவின் பக்கம் மாஸ்டர் போகவே இல்லை. தட்டில் இருக்கிற சொரிசோ கடைசியில் அண்டாவுக்குள் திரும்பிப் போகும், அதிலிருக்கும் உப்பு எல்லாவற்றுக்கும் போதும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ரொட்டிக்காரர் வந்திருந்தார். கூடைகளை எண்ணி வாங்க மாஸ்டர் பின்வாசலுக்குப் போனார். திரும்பி வந்தபோது மச்சான் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, சொரிசோத் துண்டுகளை அண்டாவில் தள்ளி மூடி போட்டார்.

சாப்பாட்டு மணிக்கு இன்னும் அரைமணியோ என்னவோ இருந்தது. மாஸ்டர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. சட்டென்று திரும்பினார். மச்சான் கரண்டி நுனியில் இருந்ததை உள்ளங்கையில் விட்டு நக்கிக்கொண்டிருந்தான். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் மச்சானின் முகத்தைப் பார்த்தார். அது சுண்டிப்போயிருந்தது.

"மாமா, உப்பு கரிக்குது."

"கரிக்காது."

"கரிக்குது மாமா. வாய்ல வெக்க முடியல."

"நான் உப்பே போடல. ஒரு கல்லுகூடப் போடல. எங்கேந்து கரிக்கும்?"

மச்சான் வழக்கம்போல அதை உள்ளே கொண்டுபோய் எடை போட்டான்.

"தெரியும். நீங்க போடல. நான் போட்டேன். ரெண்டு கை."

"நீ போட்டியா?"

"அந்த அண்டாவுக்கு அவ்வளவு தேவைப்பட்டுது. நான் பாக்கறப்ப உப்புச்சப்பே இல்ல. கறித்துண்டு தட்டுல இருந்துதுல்ல. அதுல இவ்வளவு உப்பு இருக்கும்னு எனக்குத் தெரியாது."

மாஸ்டருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "என் அண்டால கை வெக்க ஒனக்கு யாரு சொன்னது?"

"அக்கா" என்றான் மச்சான்.

அந்த ஒற்றை வார்த்தையில் மாஸ்டரின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

"உங்க காய்ச்சல் விட்ட வாரம் வீட்ல பால் அடிப்பிடிச்சு, வீடே நாறிச்சாம். நீங்க அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்களாம். அக்காவுக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அவரா சொல்ற வரைக்கும் நாம கேக்கக் கூடாதுடா, அவரு மனசு தாங்காதுன்னு சொல்லிச்சு. கூட இருந்து பாத்துக்கடான்னுச்சு. அன்னைலேந்து நான்தான் பாக்கறேன். நீங்க எல்லாத்துலயும் உப்பு கம்மியாப் போடறீங்க மாமா. கூடிடுமோன்னு கை பயப்படுது. மத்ததெல்லாம் உங்க பக்குவம் அப்படியேதான் இருக்கு. உப்பு மட்டும்தான் நான்."

"தெனமுமா?"

"தெனமும்."

மாஸ்டர் அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். ஐந்து மாதமாக வழித்த தட்டுகள் ஒவ்வொன்றும் கண்முன் வந்து போயின. இந்தக் கை போதும் என்று அவர் மார்தட்டிக்கொண்ட ஒவ்வொரு நாளும் இன்னொரு கை பின்னாலேயே வந்திருக்கிறது. அவமானமாகத்தான் இருக்க வேண்டும். அவமானத்தைத் தேடினால் கிடைக்கவில்லை. மலைப்புதான் இருந்தது. இவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மாதமே இந்த அடுப்பு இவனுக்கு. இன்றைக்குச் சொல்லாமல் விட்டிருந்தாலும் போதும், ஹாரன் ஒருவனே ஊரைக் கூட்டியிருப்பான். இரண்டுக்கும் இவன் போகவில்லை. வீட்டில் ஒருத்தி தினமும் எதிரே உட்கார்ந்து, "சாப்பாடு எப்படி இருக்கு" என்று கேட்டு, இவர் "பிரமாதம்" என்று புளுகியதையெல்லாம் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மேனேஜர் ஒன்னத் தனியாக் கூப்ட்டாரே. என்னா கேட்டாரு?"

"மாஸ்டர் ஏன் இப்பல்லாம் ருசி பாக்கறதே இல்லன்னு கேட்டாரு. அவரு வயித்துக்குச் சரியில்லன்னு சொன்னேன்."

"பொய் சொன்னியா?"

"வேற என்னா சொல்றது மாமா."

மாஸ்டர் எழுந்தார். முகத்தைத் துண்டால் அழுந்தத் துடைத்தார். "சரி. இப்ப அண்டாவப் பாப்போம்."

"உருளைக்கெழங்க முழுசாப் போட்டா உப்ப இழுத்துக்கும்னு சொல்வாங்க."

"அதெல்லாம் கட்டுக்கதை. உள்ள போன உப்பு வெளிய வராது. பங்கு போட ஆளத்தான் கூட்டணும். ரெண்டாவது அண்டாவ எடு."

பாதியை இரண்டாவது அண்டாவுக்கு மாற்றினார்கள். மாலை ஷிப்டுக்கென்று உப்பில்லாமல் வேகவைத்திருந்த கொண்டைக்கடலை முழுவதையும் மாஸ்டர் கொண்டுவரச் சொன்னார். உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கித் தனியே வேகப்போட்டார். தக்காளியைக் கையாலேயே பிசைந்து ஊற்றினார். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக மச்சான் ஒளியாமல் நின்று ருசி பார்த்தான்.

"இப்ப?"

"இன்னும் கரிக்குது."

"கெழங்கு போடு. கீரைய அலசிட்டு வா. இப்ப?"

"பரவால்ல. ஆனா நாக்குல படிஞ்சிடுது, மாமா. எண்ணெய் கனமா இருக்கு."

"வினிகர். ஒரே அடியா ஊத்தாத, ஓரமா விடு. ரெண்டு கொதி வரட்டும். இப்ப?"

மச்சான் உள்ளங்கையை நக்கினான். இன்னொரு முறை கரண்டியை விட்டு எடுத்து நக்கினான்.

"யோவ், வாயத் தொறந்து சொல்லுய்யா."

"நல்லா இருக்கு மாமா."

"நல்லா இருக்குன்னா நான் என்னத்தக் கண்டேன்? எப்படி இருக்குன்னு சொல்லு. நான் இந்தச் சாமானத் தின்னதே இல்ல. இனிமேலும் தின்னாத் தெரியுமோ தெரியாதோ. உள்ள போறதுலேந்து ஒண்ணு விடாமச் சொல்லு."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டான். சொற்களை எங்கெங்கோ தேடி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

"மொதல்ல பொகை வருது. வெறகுப் பொகை. கண்ண எரிக்கற பொகை இல்ல, குளுருக்குப் பக்கத்துல உக்காந்தா சட்டையில ஏறுமே, அந்தப் பொகை. அது வந்ததும் ஒரு இனிப்பு. வெங்காயத்தோட இனிப்புன்னு நெனைக்கிறேன். ஆனா அந்த மொளகாய்லயும் ஒரு இனிப்பு இருக்கு. காரம்னு நெனச்சுப் பயந்தேன், எரியவே இல்ல, சும்மா தொட்டுட்டுப் போகுது. அப்புறம் கடலை. அது மாவா ஒடைஞ்சு அந்த எண்ணெயக் குடிச்சிருக்கு. அதுக்குள்ள கறித்துண்டு வந்தா, பல்லுக்கு நடுவுல கொஞ்சம் அடம் புடிச்சு, பிய்யறப்ப உள்ளேந்து பூண்டு வருது. மூக்கு வழியா வருது மாமா. கடசில வினிகர் வந்து எல்லாத்தயும் தொடச்சிட்டுப் போயிடுது. வாய் காலியாயிடுது. ஒடனே இன்னொரு வாய் வேணும்னு இருக்கு."

மாஸ்டர் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மச்சான் சொல்லச் சொல்ல அவருக்கு எல்லாம் தெரிந்தது. புகை தெரிந்தது, இனிப்பு தெரிந்தது, கறி பிய்கிற இடம் தெரிந்தது. மூக்கு அப்படியே செத்துத்தான் கிடந்தது, நாக்கும் அப்படித்தான். ஆனால் ஐந்து மாதம் வறண்டு கிடந்த வாயில் எச்சில் ஊறியது. அவர் அதை விழுங்கினார். மறுபடி ஊறியது. மனுஷன் வாய்ச்சொல்லுக்கு இப்படி ஒரு சக்தி இருக்கிறதா என்று பிரமித்துப்போனார். இத்தனை காலம் இதைப் பேசாமல் கட்டிப் பூட்டி வைத்திருந்தோமே என்றும் பட்டது.

மணி அடித்தது.

வரிசை வந்தது. முதலில் ஹாரன். "என்னா மாஸ்டர், இன்னைக்குச் சாம்பாரா, ரத்தமா" என்று கூடமே அதிரக் கேட்டுவிட்டுத் தட்டோடு போனான். அதற்குப் பிறகு அவன் குரலே கேட்கவில்லை. அதுதான் எல்லாரும் நிமிர்ந்து பார்த்த அதிசயம். ஹாரன் ரொட்டியைப் பிய்த்துத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி மேசை மேசையாகப் பேச்சு அடங்கியது. கரண்டி தட்டில் படும் சத்தம் மட்டும் இருந்தது. கிரீஸ் படிந்த விரல்கள், ரொட்டி, சிவப்பு எண்ணெய். அத்தனை பெரிய கூடம் அப்படி அமைதியானதை மாஸ்டர் பார்த்ததில்லை.

கடைசியாக மேனேஜர் வந்தார். தட்டை வாங்கிக்கொண்டு நகராமல், அங்கேயே நின்று ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். தட்டை வழித்துக்கொண்டே மாஸ்டரைப் பார்த்தார்.

"இன்னைக்குப் பிரமாதம் மாஸ்டர். வயிறு சரியாயிடுச்சா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். விஷயம் அங்கேயே முடிந்துவிடும். மச்சான் பக்கத்தில் நின்று அதைத்தான் எதிர்பார்த்தான். மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வயித்துக்கு ஒண்ணும் இல்ல சார். எனக்கு மூக்கும் நாக்கும் போயி அஞ்சு மாசம் ஆச்சு. காய்ச்சல்ல போச்சு. அன்னைலேந்து நீங்க எல்லாரும் சாப்பிடறது என் கையால செஞ்சது, இவரு நாக்கால பாத்தது. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

மேனேஜரின் கை நின்றது. பக்கத்து மேசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் கையைத் துண்டில் துடைத்தார். சொல்லியாயிற்று, இனி எது வந்தாலும் வரட்டும் என்று நின்றார்.

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இங்க மாஸ்டர் யாரு?"

எதையும் எடை போட்டுப் பேசுகிற மச்சான் இந்த ஒரு கேள்விக்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அவர்தான் சார். நான் வெறும் நாக்கு."

மேனேஜர் தட்டைப் பார்த்தார். அதில் ஒன்றும் மிச்சமில்லை. அதை மேடைமேல் வைத்து மாஸ்டர் பக்கம் தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க மாஸ்டர்" என்றார்.